கோபுரத்தைச் சொல்லிவிடலாம், செருப்பைச் சொல்லத்தான் ஆங்கிலம் வேண்டும்: மதுரையைச் சுற்றிக்காட்ட வரும் புதியவர்களுக்கு

ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் ஏழு வருடம் வரவேற்பு மேசையில் இருந்தவன் நான். ஊரைச் சுற்றிக்காட்ட ஆள் கிடைக்குமா என்று கேட்கும் வெளிநாட்டுக்காரர்களை வேறு யாரிடமாவது அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள், நாமே போனால் என்ன என்று தோன்றியது. தெற்குக் கோபுரத்தைப் பற்றி ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி, பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி போல மனப்பாடம் செய்துகொண்டு போனேன். வந்தவர்கள் நான்கு பேர். கோபுரம் வரைக்கும் போகவே இல்லை, செருப்புக் கடையிலேயே மாட்டிக்கொண்டேன். செருப்பை இங்கே விடுங்கள், டோக்கனைத் தொலைத்துவிடாதீர்கள், சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம், தரை சுடும் என்ற நான்கு விஷயங்களைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையைக் காலைக் காட்டிச் சமாளித்தேன்.

அப்புறம் பத்து வாரம் உட்கார்ந்து படித்தேன். அதில் பாதி நாள் தவறான வழியில் போனது. நீங்கள் அப்படிப் போக வேண்டாம் என்பதற்காகத்தான் இது. நான் மதுரையை வைத்துச் சொல்கிறேன். தஞ்சாவூரோ மாமல்லபுரமோ உங்கள் ஊர் என்றால் இடப்பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், முறை அதேதான்.

1. பாதை முதலில், சொல் அப்புறம்

அகராதியைத் திறந்து சுற்றுலாச் சொற்கள் என்று ஐந்நூறு சொல் எழுதாதீர்கள். நான் எழுதினேன். ‘மான்யுமென்ட்’, ‘ஹெரிடேஜ்’, ‘மேக்னிஃபிசென்ட்’ என்று நோட்டு நிறைந்தது, வாயில் ஒன்றும் ஒட்டவில்லை.

அதற்குப் பதிலாக, நீங்கள் நடத்தப்போகும் நடையை ஒரு தாளில் வரையுங்கள். என்னுடைய முதல் பாதை இப்படி இருந்தது: லாட்ஜ் வாசல், மேலமாசி வீதி, சித்திரை வீதி, செருப்புக் கடை, கோயில், பொற்றாமரைக் குளம், ஆயிரங்கால் மண்டபம், வெளியே வந்து ஜிகர்தண்டா, ஆட்டோவில் திருமலை நாயக்கர் மகால், கடைசியாகக் காந்தி அருங்காட்சியகம். பத்து நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். இடது பக்கத்தில் அங்கே கண்ணுக்குத் தெரிகிற பொருள்களின் பெயர், வலது பக்கத்தில் அங்கே விருந்தினர் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை. வலது பக்கம்தான் முக்கியம். எல்லாரும் இடது பக்கத்தை மட்டும் நிரப்புகிறார்கள்.

தமிழிலேயே முதலில் எழுதுங்கள். காலை ஏழு மணிக்கு ஒரு முறை, மாலை ஐந்து மணிக்கு ஒரு முறை அந்தப் பாதையில் தனியாக நடந்து, எந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டியிருக்கும் என்று குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து அதற்கு மட்டும் ஆங்கிலம் தேடினால் போதும். எனக்கு மொத்தம் 280 சொல் தேறியது. இன்றைக்கும் அதற்கு மேல் பெரிதாகத் தேவைப்படவில்லை.

ஒரு எச்சரிக்கை. மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் 2018 முதல் செல்பேசி கொண்டுபோக முடியாது. அதனால் குறிப்பை எல்லாம் போனில் ஏற்றி வைத்துக்கொள்ளும் திட்டம் வாசலிலேயே முடிந்துவிடும். சட்டைப்பைக்குள் அடங்கும் அட்டைகளாக எழுதிக்கொள்ளுங்கள்.

2. ஐந்து அச்சு வாக்கியங்கள்

இலக்கணப் புத்தகம் வாங்க வேண்டாம். இந்த ஐந்து அச்சும் நாக்கில் ஏறிவிட்டால் கட்டடம் எதுவானாலும் பேசலாம்.

ஒன்று, எப்போது கட்டியது: ‘இட் வாஸ் பில்ட் இன்...’. மகாலுக்கு 1636.
இரண்டு, யார் கட்டியது: ‘இட் வாஸ் பில்ட் பை...’.
மூன்று, எதனால் ஆனது: ‘இட் இஸ் மேட் ஆஃப்...’.
நான்கு, எதற்குப் பயன்பட்டது: ‘இட் வாஸ் யூஸ்ட் ஃபார்...’.
ஐந்து, கதை என்ன சொல்கிறது: ‘த ஸ்டோரி கோஸ் தட்...’.

ஐந்தாவதை விட்டுவிடாதீர்கள். வரலாறு எது, புராணம் எது என்று பிரித்துச் சொல்லும் வாக்கியம் அது. மீனாட்சி பிறந்த கதையை நான் ‘இட் வாஸ்’ என்று ஆண்டுக் கணக்கு சொல்லும் தொனியில் ஆரம்பித்தேன். விருந்தினர் ஒருவர் எந்த நூற்றாண்டு என்று கேட்டார். விழித்தேன்.

அந்தக் கதையில் இன்னொரு இடமும் இருக்கிறது. மீனாட்சி மூன்று மார்பகங்களோடு பிறந்ததாகவும் சிவனைக் கண்டதும் ஒன்று மறைந்ததாகவும் கதை. தமிழில் சொல்லவே கூச்சப்படுகிற நாம், ஆங்கிலத்தில் ‘செஸ்ட்’ என்றும் ‘தட் பார்ட்’ என்றும் இழுக்கிறோம். கேட்பவருக்குக் கதையே புரியாமல் போகிறது. ‘த்ரீ ப்ரெஸ்ட்ஸ்’ என்று நேராகச் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள். அவர்கள் யாரும் முகம் சுளிப்பதில்லை, நாம் நெளிவதைப் பார்த்துத்தான் அவர்களுக்குச் சங்கடம்.

3. திசை சொல்வது

‘ஆன் யுவர் லெஃப்ட்’, ‘ஆன் யுவர் ரைட்’, ‘ஸ்ட்ரெய்ட் அஹெட்’, ‘பிஹைண்ட் யூ’, ‘ஜஸ்ட் அபவ் த டோர்’, ‘அட் த ஃபார் எண்ட்’. இந்த ஆறும் ஒரு நாளைக்கு நூறு முறை தேவைப்படும். சொல் எளிது, ஆனால் ஆங்கிலத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு பொறி இதில் இருக்கிறது. நீங்கள் அவர்களைப் பார்த்து நிற்கிறீர்கள். உங்கள் இடது அவர்களுக்கு வலது. முதல் மாதம் முழுக்க நான் மாற்றி மாற்றிச் சொல்லி, நான்கு தலைகள் தப்பான தூணைப் பார்த்துக்கொண்டிருந்தன. எனக்குக் கைகொடுத்த தந்திரம்: முதலில் உடம்பைத் திருப்பி, அவர்கள் பார்க்கும் திசையில் நானும் நின்றுகொண்டு, அப்புறம் சொல்வது.

‘யூ கம்’, ‘யூ சிட்’, ‘யூ சீ ஹியர்’ என்று சொல்லாதீர்கள். நமக்கு அது வாங்க, உட்காருங்க, இங்கே பாருங்க என்பதன் நேர்மொழி. அவர்கள் காதில் அதட்டலாக விழும். ‘திஸ் வே, ப்ளீஸ்’, ‘ப்ளீஸ் ஹேவ் எ சீட்’, ‘ஹேவ் எ லுக் அட் திஸ்’ என்று பழகுங்கள். கோயில் வாசற்படிகள் உயரம் என்பதால் ‘வாட்ச் யுவர் ஸ்டெப்’ என்பதும், தாழ்ந்த நிலைப்படிக்கு ‘மைண்ட் யுவர் ஹெட்’ என்பதும் தூக்கத்திலும் வர வேண்டும். யோசித்துச் சொன்னால் அதற்குள் இடித்துக்கொண்டிருப்பார்கள்.

4. நம்மூர் ஆங்கிலத்தைக் களை எடுங்கள்

இதற்குத்தான் நான் அதிக நாள் செலவழித்தேன். தெரியாத சொல்லைவிட, தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற சொல்தான் ஆபத்து. ஆங்கிலம் என்று நாம் தினமும் பேசுவதில் பாதி நம் ஊருக்குள் மட்டும் செல்லுபடியாகும் காசு.

தேர்த் திருவிழாவை நாம் ‘கார் ஃபெஸ்டிவல்’ என்கிறோம். பழைய அரசாங்கப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கும். சித்திரை மாதம் ‘கார் ஃபெஸ்டிவல்’ என்று நான் சொன்னதும் ஒரு ஜெர்மன்காரர் ஆர்வமாக, பழைய கார்களா புதிய கார்களா என்று கேட்டார். தேருக்கு ‘சாரியட்’ என்று சொல்லுங்கள். ‘எ டால் உட்டன் சாரியட், புல்ட் பை ரோப்ஸ்’ என்றால் படமே விரிந்துவிடும்.

குளத்தை ‘டேங்க்’ என்போம். அமெரிக்கர்களுக்கு டேங்க் என்றால் போர் வண்டி, இல்லாவிட்டால் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி. பொற்றாமரைக் குளத்துக்கு ‘சேக்ரட் பூல்’ அல்லது ‘டெம்பிள் பாண்ட்’. தெப்பக்குளத்துக்கும் அதுவே. தெப்பத்துக்கு ‘ராஃப்ட்’.

‘பேக் சைட்’ வேண்டவே வேண்டாம். கோயிலுக்குப் பின்பக்கம் என்று சொல்ல நினைத்து நான் ‘டெம்பிள் பேக் சைட்’ என்றேன். அவர்களுக்கு அது மனிதர்களின் பின்புறம். ‘பிஹைண்ட் த டெம்பிள்’ போதும்.

‘எனி டவுட்ஸ்?’ என்று கேட்டால், நான் சொன்னதை நம்ப மாட்டீர்களா என்று கேட்பதுபோல ஆகும். ‘எனி கொஸ்டின்ஸ்?’.

‘ஹோட்டல்’ என்றால் அவர்களுக்குத் தங்கும் இடம். சாப்பிட என்றால் ‘ரெஸ்டாரன்ட்’. நல்ல ஹோட்டலில் மதியம் சாப்பிடலாம் என்று சொல்லி, ஒரு தம்பதியைத் தங்கள் அறைக்கே திரும்பிப் போக வைத்திருக்கிறேன்.

‘கவர்’ என்று பைக்குச் சொல்லாதீர்கள், ‘பேக்’. ‘சப்பல்’ சிலருக்குத்தான் புரியும், ‘ஷூஸ் அண்ட் சாண்டல்ஸ்’ எல்லாருக்கும் புரியும். ‘ஜெராக்ஸ்’ வேண்டாம், ‘ஃபோட்டோகாப்பி’. ‘டிஃபன்’ வேண்டாம், ‘எ லைட் மீல்’. ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்றால் ரயில் நிலையத்தைத் தேடுவார்கள்.

கழிவறைக்கு ஆளுக்கு ஒரு சொல். அமெரிக்கர் ‘ரெஸ்ட்ரூம்’ அல்லது ‘பாத்ரூம்’, ஆங்கிலேயர் ‘லூ’ அல்லது ‘டாய்லெட்’. பாத்ரூம் எங்கே என்று கேட்டதும், கோயிலில் குளிக்க இடம் இல்லை என்று பதில் சொன்னவன் நான்தான். நீங்கள் ‘டாய்லெட்’ என்றே சொல்லலாம், ஆனால் நான்கையும் காது பிடித்துக்கொள்ள வேண்டும்.

சிலைகளைப் பற்றி ஒன்று. வணங்கப்படும் திருவுருவத்துக்கு ‘ஐடல்’ என்பது நமக்குச் சாதாரணம். சிலருடைய மதப் பின்னணியில் அந்தச் சொல்லுக்குப் பொய்த் தெய்வம் என்ற வாடை உண்டு. ‘டீட்டி’ என்றால் மரியாதையாக இருக்கும். வெறும் சிற்பத்துக்கு ‘ஸ்கல்ப்ச்சர்’, கோபுரத்தில் இருக்கும் சுதை உருவங்களுக்கு ‘ஸ்டக்கோ ஃபிகர்ஸ்’. யாளிக்கு ஆங்கிலத்தில் பெயர் இல்லை, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். யாளி என்றே சொல்லிவிட்டு, ‘பாடி ஆஃப் எ லயன், ட்ரங்க் ஆஃப் அன் எலிஃபன்ட்’ என்று சேர்த்தால் சரி. கோபுரம், மண்டபம், பிரசாதம் எல்லாவற்றுக்கும் இதுவே விதி: தமிழ்ப் பெயரை ஒரு முறை தெளிவாகச் சொல்லுங்கள், ஒரு வரி விளக்கம் கொடுங்கள், அப்புறம் தமிழ்ப் பெயரையே பயன்படுத்துங்கள். அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது அந்த நான்கு சொல்லையாவது எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

5. எண்ணும் ஆண்டும்

லட்சம், கோடி கிடையாது. ‘ஹண்ட்ரட் தவுசண்ட்’ ஒரு லட்சம், ‘டென் மில்லியன்’ ஒரு கோடி. இதை ஒரு சின்ன அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் கணக்குப் போட்டால் தப்பும்.

ஆண்டை இரண்டு இரண்டாக உடைத்துப் படிக்க வேண்டும்: 1636 என்பது ‘சிக்ஸ்டீன் தர்ட்டி சிக்ஸ்’. திருமலை நாயக்கர் ஆட்சி 1623 முதல் 1659 வரை. அது பதினேழாம் நூற்றாண்டு. பதினாறு என்ற எண்ணைப் பார்த்துவிட்டு ‘சிக்ஸ்டீன்த் செஞ்சுரி’ என்று சொல்லிவிடுவோம், நூறு வருடம் பின்னால் போய்விடும். குழப்பமாக இருந்தால் நூற்றாண்டை விட்டுவிட்டு ‘இன் த சிக்ஸ்டீன் ஹண்ட்ரட்ஸ்’ என்று சொல்லுங்கள்.

‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் நம் வாயில் ஒன்றுபோல வரும். ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய் என்று நான் சொல்ல, பதினைந்து ரூபாயை நீட்டியவர்கள் உண்டு. பணம் பேசும்போது ‘ஃபைவ் ஸீரோ’ என்று இலக்கத்தையும் சேர்த்துச் சொல்வது பாதுகாப்பு.

உயரத்தை அடியிலும் மீட்டரிலும் சொல்லத் தெரிய வேண்டும். தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி, அதாவது ஏறக்குறைய 52 மீட்டர். அமெரிக்கருக்கு அடி, மற்றவர்களுக்கு மீட்டர். ஆயிரங்கால் மண்டபத்தில் சரியாக ஆயிரம் தூண் இருக்கிறதா என்று பத்தில் எட்டுப் பேர் கேட்பார்கள். 985. ‘நைன் ஹண்ட்ரட் அண்ட் எய்ட்டி ஃபைவ்’ என்பதைப் பத்து முறை சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள், திடீரென்று கேட்டால் உருளும்.

6. உச்சரிப்பு: எல்லாவற்றையும் சரிசெய்யப் பார்க்காதீர்கள்

நம் தமிழ் வாடை இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. வெள்ளைக்காரர் மாதிரி மூக்கால் பேசும் வழிகாட்டிகளைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும். பொருள் மாறிப்போகும் இடங்களை மட்டும் திருத்தினால் போதும்.

என் பட்டியலில் முதல் இடம் காந்தி அருங்காட்சியகத்தில் நடந்தது. 1921 செப்டம்பரில் மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் காந்தி மேலாடையை விட்டு அரை ஆடைக்கு மாறினார். வெளிநாட்டவர் ஆர்வமாகக் கேட்கும் செய்தி இது, நம் ஊருக்கே உரியது. அரை ஆடைக்கு ஆங்கிலம் ‘லாயின் க்ளாத்’. நான் ‘லயன் க்ளாத்’ என்றேன். காந்தி சிங்கத் தோல் உடுத்தினார் என்று ஒரு சிறுவன் தன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போனான்.

இன்னும் சில. ‘ஆர்க்கிடெக்ச்சர்’ என்பதில் க் வரும், ‘ஆர்ச்சி’ என்று சொல்லக் கூடாது. ஆனால் வளைவுக்கு ‘ஆர்ச்’தான். கருங்கல் ‘கிரானிட்’, நம் டைல்ஸ் கடைகளில் சொல்வதுபோல ‘கிரானைட்’ என்றால் சிலர் நெற்றியைச் சுருக்குவார்கள். சமாதிக்கு ‘டூம்’, எழுத்தில் இருக்கிற கடைசி பி ஒலிக்காது. ‘ஹோட்டல்’ என்பதில் அழுத்தம் இரண்டாம் பாதியில் விழ வேண்டும். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் அழுத்தம் முதலில், ‘ஃபொட்டாகிரஃபர்’ என்பதில் இரண்டாவது அசையில். ‘எவ்ரி’யை ‘யெவ்ரி’ என்றும், ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்றும் சொல்லும் பழக்கம் இருந்தால் அதையும் கவனியுங்கள்.

பழகும் முறை எளிது. ஒரு நிறுத்தத்துக்கான பேச்சை போனில் பதிவு செய்யுங்கள். அப்புறம் அதே போனில் குரல் தட்டச்சை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு அதே பேச்சைப் பேசிப் பாருங்கள். திரையில் வேறு சொல் விழுந்தால் அந்தச் சொல்லில் சிக்கல். இதற்கு ஒரு பைசா செலவில்லை. எனக்கு ‘பில்லர்’ என்ற சொல் நான்கு நாள் வரைக்கும் ‘பில்லோ’ என்றே விழுந்துகொண்டிருந்தது. தலையணைகள் தாங்கும் மண்டபம்!

7. முடியாது என்று சொல்வது

வழிகாட்டியின் வேலையில் கஷ்டமான ஆங்கிலம் இதுதான். எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பிலும் இதைச் சொல்லித் தருவதில்லை.

உடை: அரைக்கால் சட்டையோடும் கையில்லாத மேல்சட்டையோடும் வருவார்கள். கோயில் வாசலில் சொன்னால் சண்டை, முந்தின நாளே சொன்னால் நன்றி. ‘ஷோல்டர்ஸ் அண்ட் நீஸ் நீட் டு பி கவர்ட்’ என்ற ஒரே வரியை முந்தின நாள் செய்தியாகவே அனுப்பிவிடுங்கள்.

செல்பேசி, கேமரா: ‘ஃபோன்ஸ் ஆர் நாட் அலவுட் இன்சைட். யூ கேன் லீவ் தெம் அட் த கவுன்ட்டர். ப்ளீஸ் கீப் த டோக்கன் ஸேஃப்’. மூன்று வாக்கியம், மூன்றும் வேண்டும். வாடகை வண்டி ஓட்டுநரின் எண் போனில் மட்டும் இருந்தால் உங்கள் பாடு திண்டாட்டம், அதையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கருவறை: இந்துக்கள் அல்லாதவர்கள் சந்நிதிக்குள் போக முடியாது என்ற பலகை இருக்கிறது. ‘யூ ஆர் நாட் அலவுட்’ என்று விரலை நீட்டினால் மனம் புண்படும். ‘திஸ் இஸ் ஆஸ் ஃபார் ஆஸ் விசிட்டர்ஸ் கேன் கோ’ என்று சொல்லிவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது, என்ன நடக்கிறது என்று அங்கேயே நின்று ஐந்து நிமிடம் பேசுங்கள். இரவு சுந்தரேசுவரர் மீனாட்சியின் பள்ளியறைக்குப் பல்லக்கில் போகும் கதையை நான் அந்த இடத்துக்காகவே வைத்திருக்கிறேன். பல்லக்கு ‘பாலன்க்வின்’. அதுவும் வராவிட்டால் ‘கேரிட் ஆன் ஷோல்டர்ஸ்’.

கடை: துணிக்கடைக்குக் கூட்டிப்போனால் ‘தேர் இஸ் நோ நீட் டு பை’ என்று நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள். கமிஷன் பேச்சு அவர்கள் காதுக்கு எப்படியோ போய்விடும். சுங்குடிச் சேலையை விளக்க ‘டை அண்ட் டை’. இரண்டு சொல்லும் நம் வாயில் ஒரே மாதிரி இருக்கும், முதலாவது முடிச்சு, இரண்டாவது சாயம். கையால் முடிச்சுப் போட்டுக் காட்டினால்தான் புரியும்.

8. சாப்பாடும் உடம்பும்

காரத்துக்கு ‘ஸ்பைசி’. ‘ஹாட்’ என்றால் சூடு என்று நினைத்து ஊதி ஊதி வாயில் வைப்பார்கள்.

ஜிகர்தண்டாவுக்குமுன் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: ‘டஸ் எனிபடி ஹேவ் எ ஃபுட் அலர்ஜி? மில்க்? நட்ஸ்?’. நமக்கு இது விளையாட்டாகத் தெரியும், சிலருக்கு உயிர் விஷயம். ஜிகர்தண்டாவில் சேரும் பாதாம் பிசினை ‘ஆல்மண்ட் கம்’ என்று சொன்னால் மெல்லும் சூயிங்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். ‘எ நேச்சுரல் ஜெல்லி ஃப்ரம் எ ட்ரீ’ என்றால் சரியாக இருக்கும்.

வெயிலில் மயங்கும் ஆளுக்கு ‘டிஸி’, மயங்கியே விட்டால் ‘ஃபெயின்டட்’, கால் பிசகினால் ‘ஸ்ப்ரெயின்’. ‘ஸிட் இன் த ஷேட், டேக் ஸ்மால் ஸிப்ஸ்’. 108 எண்ணை அவர்களுக்கும் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

9. காகிதங்கள்

மொழி வந்ததும் உரிமம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் ஆரம்பியுங்கள், ஏனென்றால் காகிதம் நம் வேகத்துக்கு வராது.

மத்திய சுற்றுலா அமைச்சகம் இணையவழியில் படிப்பும் தேர்வும் நடத்தி, சுற்றுலா உதவியாளர் சான்றிதழ் வழங்கும் திட்டம் வைத்திருக்கிறது. மாநிலச் சுற்றுலாத் துறையின் உரிமம் தனி. கட்டணமும் தகுதியும் அவ்வப்போது மாறும், அதனால் பணம் கட்டும் நாளில் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் பாருங்கள். நான் வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் இடைத்தரகர் ஒருவரிடம் 3,000 ரூபாய் கொடுத்துவிட்டு நான் இன்னும் காத்திருக்கிறேன்.

எந்த வழியில் போனாலும் கையில் தயாராக இருக்க வேண்டியவை: ஆதார், பள்ளி அல்லது கல்லூரிச் சான்றிதழ்கள், முகவரிச் சான்று, காவல் துறை நடத்தைச் சரிபார்ப்புச் சான்று, பாஸ்போர்ட் அளவுப் படங்கள், மருத்துவச் சான்று. ஒவ்வொன்றிலும் மூன்று நகல்.

பெரிய பொறி இனிஷியல். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், மதிப்பெண் சான்றிதழில் முன்னால், வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்க எனக்கு ஐந்து வாரம் போனது. இன்றைக்கே எல்லாவற்றையும் மேசையில் பரப்பி ஒத்துப் பாருங்கள்.

இன்னொன்று: மதுரையில் இடத்துக்கு இடம் அதிகாரம் வேறு. கோயில் அறநிலையத் துறையின் கீழ், மகால் மாநிலத் தொல்லியல் துறையின் கீழ், காந்தி அருங்காட்சியகம் தனி நிர்வாகம். உரிமம் கையில் இருந்தாலும் ஒவ்வோர் இடத்திலும் போய் உங்களை அறிமுகம் செய்துகொண்டு, வழிகாட்டிக்கான விதி என்ன என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். விருந்தினர் முன்னால் வாயிற்காவலரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்பது போன்ற அவமானம் வேறு இல்லை.

10. செலவும் நாளும்

நான் ஒரு பயிற்சி நிலையத்தில் 8,500 ரூபாய் கட்டினேன். இரண்டு மாதமும் நேர்முகத் தேர்வில் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்பதற்கான பதிலையே சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பணம் போனது போனதுதான். உண்மையில் பயன்பட்ட செலவைச் சொல்கிறேன். ஒரு நோட்டும் அட்டைகளும் 140 ரூபாய். அட்டைகளை லேமினேட் செய்ய 200. வியர்வையில் நனையும், அதனால் இதை மிச்சம் பிடிக்காதீர்கள். ஒத்திகைக்காக மகாலுக்கு ஆறு முறை நுழைவுச்சீட்டு, ஆட்டோ, டீ எல்லாம் சேர்த்து 900-க்குள்.

புத்தகத்துக்குச் செலவே இல்லை. புது நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குளுகுளுவென்று உட்கார்ந்து படிக்கலாம். கட்டடக் கலை பற்றிய ஆங்கிலப் படப் புத்தகங்களைக் கேளுங்கள். தூணின் தலைப்பகுதி, அடிப்பகுதி, மேலே உத்தரத்தைத் தாங்கும் போதிகை இதற்கெல்லாம் என்ன சொல் என்று படத்தோடு பார்த்தால் ஒரே தடவையில் நிற்கும்.

நாள் கணக்கு: தினமும் முக்கால் மணி நேரம் என்றால் வாரத்துக்கு ஒரு நிறுத்தம். பத்து நிறுத்தத்துக்குப் பத்து வாரம். ஏப்ரல், மே வெயிலில் வெளிநாட்டவர் கூட்டம் குறைவு, படிக்க அதுதான் காலம். நவம்பர் பிறந்துவிட்டால் உங்களுக்குப் படிக்க நேரம் இருக்காது. நடைக்கு நேரம் குறிக்கும்போது கோயில் மதியம் நடை சாத்தியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். பதினொன்றரைக்கு உள்ளே போனால் அவசரத்தில் இருக்கிற ஆங்கிலமும் பறந்துவிடும்.

11. ஒத்திகை

முதல் ஒத்திகையை ஆங்கிலம் தெரிந்தவர்களிடம் வைக்காதீர்கள், திருத்திக்கொண்டே இருப்பார்கள். நான் என் அக்கா மகளை அழைத்துப் போனேன். எட்டாம் வகுப்பு. அவளுக்கு ஒரே வேலை: நான் எங்கே ‘ஆக்சுவலி’ என்றும் ‘மீன்ஸ்’ என்றும் இழுக்கிறேன் என்று எண்ணுவது. சித்திரை வீதியை முடிப்பதற்குள் 41 ஆகிவிட்டது. மாமா, நீங்கள் மூச்சு விடுவதற்குப் பதிலாக ஆக்சுவலி சொல்கிறீர்கள் என்றாள். இப்போது அந்த இடங்களில் சும்மா நிற்கிறேன். விருந்தினர்கள் அந்த நேரத்தில்தான் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

இரண்டாவது ஒத்திகையில், கேட்ட கேள்வி புரியாதபோது என்ன செய்வது என்று பழகுங்கள். ‘எஸ், எஸ்’ என்று தலையாட்டாதீர்கள், அதுவும் நம் பக்கவாட்டுத் தலையாட்டல் அவர்களுக்கு ஆமாவா இல்லையா என்றே தெரியாது. ‘குட் யூ ஸே தட் அகெய்ன், ஸ்லோலி?’ என்று கேட்பதில் வெட்கமே இல்லை. பதில் தெரியாவிட்டால் ‘ஐ வில் ஃபைண்ட் அவுட் அண்ட் டெல் யூ’. சொன்னபடி மாலையில் செய்தி அனுப்பிவிடுங்கள். எனக்கு வந்த அடுத்த ஏழு நடைகளில் மூன்று, அப்படிச் செய்தி வாங்கிய ஒரு அம்மாள் சொல்லி வந்தவை.

நடை முடிந்த அன்றே நோட்டின் கடைசிப் பக்கத்தில், அன்று கிடைக்காமல் போன சொற்களை எழுதிவிடுங்கள். மறுநாள் மறந்துவிடும். போன மாதம் என் பக்கத்தில் சேர்ந்தவை: மொட்டுக்கு ‘பட்’, பூ கட்டும் நாருக்கு ‘ஃபைபர்’, திருஷ்டிப் பூசணிக்குச் சொல்லே கிடைக்காமல் ‘பம்ப்கின் அகென்ஸ்ட் ஈவில் ஐ’. அப்புறம், கோயில் யானை பார்வதியின் கண்ணில் ஏன் வெள்ளை படர்ந்திருக்கிறது என்று ஒரு சிறுமி கேட்டபோது தேடிப் பிடித்த சொல், ‘கேட்டராக்ட்’.